யுலிசிஸ்: நாலாவது தடவையிலதான் முடிச்சேன்

ஜேம்ஸ் ஜாய்ஸோட யுலிசிஸ் நாவலை எடுத்துட்டு பாதியில வச்சவங்க நிறைய பேர் இருப்பீங்க, நானும் மூணு தடவை வச்சவன்தான், மூணு தடவையும் ஒரே இடம், மூணாவது அத்தியாயம். ஸ்டீபன்னு ஒரு இளைஞன் கடற்கரையில நடந்துட்டே யோசிக்கிறான், வெளிய நடக்கறது அவ்வளவுதான், ஆனா உள்ள லத்தீன், தத்துவம், செத்துப்போன அம்மா, பாரிஸ்ல இருந்த நாளுன்னு ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழுது. நான் வரிக்கு வரி அடிக்குறிப்பு பார்த்துட்டே போனேன், அதான் தப்பு. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆச்சு, ஒரு வாரத்துல புத்தகம் திரும்ப அலமாரிக்குப் போயிடும்.

போன வருஷம் ஒரு ஃப்ரெண்ட் சொன்னார், புரியலேன்னா நிக்காதீங்க, காதுல கேட்டுட்டே படிங்கன்னு. 1982ல ஜாய்ஸ் நூற்றாண்டுக்கு அயர்லாந்து ரேடியோ முழு நாவலையும் நடிகர்களை வச்சு கிட்டத்தட்ட 30 மணி நேரம் ஒலிபரப்பினாங்க, அந்தப் பதிவு கிடைச்சுது. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு தினம் ஒரு மணி நேரம், காதுல அது, மடியில புத்தகம். மூணாவது அத்தியாயம் அப்பவும் முழுசா புரியல, ஆனா தாண்டிட்டேன்.

தாண்டினா புளூம் வர்றார். 1904 ஜூன் 16 காலையில, டப்ளின்ல, பேப்பருக்கு விளம்பரம் பிடிச்சுக் குடுக்கற மனுஷன், பெண்டாட்டிக்கு டீயும் ப்ரெட்டும் ட்ரேயில எடுத்து வச்சிட்டு இருக்கார். கால்ல பூனை உரசுது, அது கத்தறதை ஜாய்ஸ் மூணு தடவை எழுதியிருக்காரு, ஒவ்வொரு தடவையும் எழுத்து கொஞ்சம் மாறுது, பசி ஏற ஏற பூனை குரல் மாறும் இல்லையா, அந்த மாதிரி. அங்கதான் எனக்கு இந்த ஆள் மேல நம்பிக்கை வந்தது.

அதே அத்தியாயத்துல வெளியூருக்கு வேலைக்குப் போன மகள் போட்ட லெட்டரை புளூம் படிக்கிறார். அவளுக்கு முந்தின நாள்தான் 15 வயசு முடிஞ்சிருக்கு. அவ பொறந்த அன்னிக்கு மருத்துவச்சி வீட்டுக்கு ஓடினது ஞாபகம் வருது, அதுலேர்ந்து ரூடி, பொறந்து 11 நாள்ல போன பையன், அவன் தங்க மாட்டான்னு அந்த மருத்துவச்சிக்கு அப்பவே தெரியும், இருந்தா இப்ப பதினொண்ணு ஆயிருக்கும். அவ்வளவுதான், அடுத்த வரி மறுபடி லெட்டர். அழுகை இல்ல, பெருமூச்சு இல்ல.

நான் அதைப் படிச்சிட்டு ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சிட்டேன். ஏன்னா எங்க அம்மா இப்படித்தான் பேசுவாங்க. எனக்கு முன்னாடி ஒரு அண்ணன், ஒன்பது நாள்தான் இருந்தான். அம்மா முறத்துல அவரைக்காயைப் போட்டு நார் உரிச்சிட்டே சொல்லுவாங்க, இந்த மாசம் ரெண்டு நாள் பால் வரல அதைக் கழிச்சுட்டு குடு, பெரியவன் இருந்தா இப்ப அம்பது நடக்கும், கேஸ் புக் பண்ணிட்டியாப்பா. எல்லாம் ஒரே மூச்சுல. மனசுல ஓடறதை ஓடற மாதிரியே எழுதற நனவோடை உத்தின்னு நாம பேசறது என்னன்னு எனக்கு அப்பதான் உடம்புல தெரிஞ்சுது.

அப்புறம் புத்தகம் முழுக்க நான் ரூடியைத்தான் தேடிட்டே போனேன். ஆறாவது அத்தியாயத்துல ஒரு சாவுக்குப் போற வண்டியில நாலு பேர் உக்காந்திருக்காங்க, பக்கத்துல சின்ன சவப்பெட்டி ஒண்ணு வேகமா கடந்து போகுது, புளூமுக்கு உடனே அந்த சுருங்கின குட்டி முகம். 15ஆவது அத்தியாயக் கடைசியில 11 வயசு பையனாவே எதிர்ல நிக்கிறான், அப்பா கூப்பிடறார், அவன் பார்க்காமலே கையில இருக்கற புத்தகத்தைப் படிச்சிட்டு இருக்கான். நடுவுல கஷ்டமான பகுதி நிறைய உண்டு, 14ஆவது முழுக்க பழைய ஆங்கில நடை மாறி மாறி வரும், எனக்குப் பாதிக்கு மேல பிடிபடல, நிக்காம கேட்டுட்டே போயிட்டேன்.

கடைசி அத்தியாயம் மோலி, அவரோட பெண்டாட்டி, ராத்திரி படுக்கையில யோசிக்கிறது. எட்டே வாக்கியம், கமா கிடையாது. ஆபாசம்னு சொல்லி அமெரிக்காவுல 1933 வரைக்கும் உள்ள விடாத புத்தகம் இது, அந்த அத்தியாயத்துல அதுக்கு ஏத்த விஷயமெல்லாம் இருக்கு, மறைக்கல. ஆனா அதுக்கு நடுவுலயே அவ அழுதுட்டே பின்னின சின்ன கம்பளிச் சட்டை வருது. அதைப் போட்டே பையனைப் புதைச்சிட்டோமே, ஏதாவது ஏழைக் குழந்தைக்குக் குடுத்திருக்கலாமோன்னு யோசிக்கிறா, ஆனா இனிமே நமக்கு ஒண்ணு பொறக்காதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

மறுநாள் அம்மாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன், சொல்லலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சுதான் சொன்னேன். கேட்டுட்டே இருந்தாங்க, சட்டை வந்ததும் கையை நிறுத்திட்டு, "என்ன கலர்னு போட்டிருக்காப்பா?"ன்னாங்க. எடுத்துப் பார்த்தேன், அந்த இடத்துல கலர் சொல்லல, சொல்லலம்மான்னேன்.

"நம்மது மஞ்சள்"னு சொல்லிட்டு முறத்தை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.