காலையில் மங்கல், அரைமணி கழித்துத் தெளிவு: பழைய வீடியோ கேம் மெஷினுக்கு என்ன கோளாறு?

கேள்வி (கீழக்கரை)
மாமா கடையில் ஓடிய, காசு போட்டு ஆடும் வீடியோ கேம் மெஷின் ஒன்று இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. உள்ளே 20 இன்ச் கலர் டியூப் மானிட்டர். காலையில் ஆன் செய்தால் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது. அரைமணி ஓடினால் தானாகத் தெளிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். அதோடு படத்தின் மேல்பக்கம் மடங்கி வெள்ளைக் கோடுகள் வருகின்றன. பக்கத்து மெக்கானிக் "டியூப் போச்சு" என்று முடித்துவிட்டார். எடைக்குப் போட மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில் (மண்டபம்)
டியூப் மேல் அவசரப்பட்டுப் பழி போடாதீங்க தம்பி. மங்கும்போது வெளிச்சமும் குறைகிறதா, ஃபோகஸ் மட்டும் போகிறதா? டியூப் வீக் என்றால் படம் இருண்டிருக்கும், ஏதாவது ஒரு கலர் சோர்ந்து கிடக்கும்.

கேட்டவர்
வெளிச்சம், கலர் எல்லாம் நல்லாவே இருக்கு அண்ணே. ஃபோகஸ்தான் இல்லை.

பதில் (மண்டபம்)
அப்படியானால் டியூப் பேஸ். கழுத்தில் மாட்டியிருக்கும் சின்ன போர்டின் சாக்கெட்டைச் சொல்கிறேன். எல்.ஓ.டி.யிலிருந்து (டியூபுக்கு ஹை வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) பல ஆயிரம் வோல்ட் அதன் ஃபோகஸ் பின்னுக்கு வருகிறது. நம் ஊர் உப்புக்காற்றில் அந்தப் பின்னைச் சுற்றிக் களிம்பு பூத்து, ஈரம் ஏறி, வோல்டேஜ் கசியும். சூட்டில் ஈரம் காய்ந்ததும் கசிவு குறைந்து படம் தெளியும். டிவி காலத்தில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கமெல்லாம் மழை வந்தால் இந்தப் புகார்தான்.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹேர் டிரையரில் பேஸுக்கு மிதமான சூட்டில் காற்று காட்டுங்க. எதையும் தொட வேண்டாம். பிறகு ஆன் செய்ததுமே படம் தெளிவாக வந்தால் சந்தேகமே இல்லை. களிம்பைச் சுரண்டிச் சமாளிக்கலாம், ஆனால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும். புது பேஸ் போடுவதே மேல்.

பதில் (தொண்டி)
கழற்றும் முன் இதையும் கேட்டுக்கொள்ளுங்க. ஓடும்போது டியூபின் ஆனோடில் (ரப்பர் தொப்பியோடு தடித்த வயர் மாட்டும் இடம்) 20,000 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம், பிளக்கைப் பிடுங்கினாலும் சார்ஜ் தங்கும். டிஸ்சார்ஜ் செய்து பழகியவரை வைத்துத்தான் கழற்ற வேண்டும். சார்ஜைச் சேசிஸில் (மானிட்டரின் சர்க்யூட் போர்டும் அதன் சட்டமும்) இறக்காமல், டியூபின் வெளியே சுற்றியிருக்கும் எர்த் கம்பியில் இறக்கணும். பேஸை ஆட்டி ஆட்டி இழுத்தால் கழுத்துக் கண்ணாடி உடையும், அப்புறம் மெக்கானிக் சொன்னது நிஜமாகிவிடும். மானிட்டரை வெளியே எடுத்து நேராக மெயின்ஸில் சொருகவும் கூடாது. இந்த வகையில் பலவற்றுக்கு மெயின்ஸிலிருந்து மானிட்டரைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கேபினெட்டுக்குள் தனியாக இருக்கும். அது இல்லாவிட்டால் சேசிஸைத் தொட்டாலே ஷாக்தான்.

கேட்டவர்
டிரையர் காட்டியதும் ஆன் செய்த உடனே பளிச்சென்று வந்தது! மேல் மடிப்பு மட்டும் அப்படியே இருக்கு.

பதில் (மண்டபம்)
அது தனிக் கோளாறு. படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்ட்டிகல் பகுதியில் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் காய்ந்திருக்கும். மேலே மடங்கினால் வெர்ட்டிகல் ஐ.சி. பக்கத்து பூஸ்ட் கப்பாசிட்டரை முதலில் பார்க்கச் சொல்லுங்க. மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி சூடு தாங்கும் வகை. பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. பேஸ் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்க. டியூபின் கழுத்துத் தடிமனுக்கு ஏற்ப பின்களின் அமைப்பு மாறும், கடைக்காரர் கண்ணால் பார்த்துத் தந்தால்தான் பொருந்தும்.