பழைய பேப்பர் ஃபைலுக்கும் டேட்டா சட்டம் உண்டா? அவசரம்

ரெக்கார்ட்ரூம்: ஆபீஸ்ல ஒரு ரூம் முழுக்க பழைய ஃபைல். பேர், அட்ரஸ், சிலதுல மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் கூட இருக்கு. டேட்டா சட்டம் இதுக்கெல்லாம் வருமா? நாளைக்குள்ள மேனேஜருக்குச் சொல்லணும், ப்ளீஸ்.

குமிழ்முனை: எந்த நாடுங்க? யாரோட ஃபைல், ஊழியர்களா, கஸ்டமரா?

கிழிச்சுப்போடு: எதுக்கு வம்பு? மொத்தத்தையும் ஷ்ரெட்டர்ல விடுங்க. பேப்பர் இல்லன்னா கேஸும் இல்ல.

குமிழ்முனை: ஐயோ, அவசரப்படாதீங்க. வரி, பிஎஃப், நடக்குற வழக்குன்னு வேற காரணத்துக்காக வெச்சிருக்க வேண்டியது அதுல இருக்கலாம்.

பழையபுள்ளி: ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், பிரிவு 2. பெயர்வாரியாகவோ எண்வாரியாகவோ ஒழுங்காக அடுக்கிய காகிதக் கோப்பும் அதற்குள் வரும். மூட்டையில் கலைந்து கிடப்பது வராது. 2018 முதல் அமலில் உள்ளது. வாசித்துவிட்டு வந்து கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

ரெக்கார்ட்ரூம்: சாரி, இந்தியா. வேலையை விட்டுப் போன ஸ்டாஃப் ஃபைல்.

குமிழ்முனை: அப்ப கதையே வேற. இங்க இருக்குற 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் தரவுக்கு மட்டும்தான். பேப்பர்ல வாங்கினது பேப்பராவே இருந்தா அதுக்குள்ள வராது. ஆனா பின்னாடி டிஜிட்டல் ஆக்கினா வந்துடும், பிரிவு 3 பாருங்க. ஸ்கேன் ஏதும் பண்றீங்களா?

ரெக்கார்ட்ரூம்: ஆமா, பாதி முடிஞ்சுது. வெளி ஆள் பண்றாங்க.

குமிழ்முனை: இதத்தான முதல்ல சொல்லியிருக்கணும்! வெளி ஆள்கிட்ட குடுத்தாலும் பொறுப்பு உங்க கம்பெனிக்குத்தான், எழுத்துல ஒப்பந்தம் போட்டுக்குங்க. பாதுகாப்புல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம். விதிகள் 2025 நவம்பர்ல வந்தாச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம். அதுக்குள்ள எது தேவை, எது வேண்டாம்னு பிரிச்சுட்டு, தேவையானத மட்டும் ஸ்கேன் பண்ணுங்க.

கிழிச்சுப்போடு: ஸ்கேன் வெறும் படம்தான? ஓசிஆர் (படத்துல இருக்குற எழுத்தை டெக்ஸ்ட்டா மாத்துறது) பண்ணலன்னா பேரை வெச்சுத் தேடவே முடியாது. அது எப்படி டேட்டா?

பழையபுள்ளி: தேட முடியுமா என்பது ஐரோப்பாவில் காகிதத்துக்குக் கேட்கும் கேள்வி. இங்கே டிஜிட்டல் வடிவில் இருந்தாலே போதும்.

மழைக்குருவி: இறந்தவங்க ஃபைல்? ஜிடிபிஆர் இறந்தவங்களுக்குப் பொருந்தாது. சிங்கப்பூர் சட்டத்துல 100 வருஷம் ஆன ஆவணத்துக்கே விலக்கு.

பழையபுள்ளி: கேள்வி இந்தியாவைப் பற்றியது.

மழைக்குருவி: ஐரோப்பாவை இழுத்துட்டு வந்தது யாரு சார்?

பழையபுள்ளி: நாட்டைச் சொல்லாமல் கேட்டால் அப்படித்தான்.

ரெக்கார்ட்ரூம்: ஸ்கேன நிறுத்தச் சொல்லிட்டாங்க. பென்டிரைவ் யார்கிட்ட இருக்குன்னு தேடிட்டு இருக்கோம். நன்றி எல்லாருக்கும்.

குமிழ்முனை: என்னது, பென்டிரைவா?