கலைச்சொல் வேண்டும்: கூரைக்குத் தரும் 'கிளாஸ் ஏ' தீ மதிப்பீடு

திருநகரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம்.

அழகர்கோயில் சாலையில் ஒரு வீட்டுக்குச் சிலேட்டுக் கல் ஓடு போடுகிறார்கள். ஓடு விற்பவர்கள் தங்கள் கையேட்டைத் தமிழில் கேட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. 'கிளாஸ் ஏ ஃபயர் ரேட்டிங்' என்ற இடத்தில்தான் நிற்கிறேன். முன்பு யாரோ எழுதிய வரைவில் "தீப்பிடிக்காத முதல் தரக் கூரை" என்று இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே ஐரோப்பியச் சான்று என்று 'ஏ1' வருகிறது. அது என்ன, முதல் தரத்திலும் முதலா?

கைவசம் உள்ள சொற்கள்: தீத்தரம், தீத்தடுப்பு வகுப்பு, தீ எதிர்ப்பு மதிப்பீடு. எதுவும் ஒட்டவில்லை. அப்புறம், கல்லுக்கும் ஒரு முடிவு சொல்லுங்கள். சிலேட்டா, பலகைக்கல்லா, கற்பலகையா?

---

நரிமேட்டிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'தீத்தரம்' வேண்டாம். தீவினை, தீநெறி, தீச்செயல் என்று பழகிய கண்ணுக்கு அது 'கெட்ட தரம்' என்றுதான் படும். ஓடு விற்பவர் உங்கள் மேல் சண்டைக்கு வருவார்.

'தடுப்பு' என்றால் தீ வராமல் பார்த்துக்கொள்வது. ஓடு அந்த வேலையைச் செய்வதில்லை. 'எதிர்ப்பு' என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை.

கல்லைப் பற்றி: 'கல்லோடு' என்று மட்டும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். "கல்லோடு வேய்ந்த கூரை" என்றால் கல்லையும் சேர்த்து வேய்ந்தது என்று பொருள் போய்விடும். ஓடு என்றால் மண்ணில் சுட்டதுதான் என்று யாராவது மறுத்தால் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆமைக்கும் நத்தைக்கும் தேங்காய்க்கும் ஓடு இருக்கிறது. நான் 'பலகைக்கல் ஓடு' என்பேன்.

---

கே.கே. நகரிலிருந்து, கட்டடப் பொறியாளர்:

வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா.

> தீப்பிடிக்காத முதல் தரக் கூரை

இந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். 'தீப்பிடிக்காத' என்பது கல்லுக்குப் பொருந்தும், கூரைக்குப் பொருந்தாது. 'முதல் தரம்' இரண்டுக்குமே பொருந்தாது.

கல் எரியாது என்பதால் கல் கூரைக்குத் தீயால் ஆபத்தில்லை என்று மதுரைக்காரர்கள் சொல்ல முடியாது. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயிலில் வீர வசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பற்றியது. எரிந்தது கடைச் சரக்கு. இடிந்து விழுந்தது மண்டபத்தின் கல் கூரை. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரியும். அந்த விரிவு கல்லை வெடிக்க வைக்கும். போதாக்குறைக்குச் சூடேறிய கல் மேல் தண்ணீரும் பட்டால் கேட்கவே வேண்டாம். எரியாமல் இருப்பது ஒன்று, தீயில் நிலைத்து நிற்பது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் கையேடு பொய் சொல்லும்.

கையேட்டில் கலந்து கிடப்பவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

அந்த 'ஏ1' கல்லுக்கு உரியது. ஒரு பொருளின் துண்டை 750 டிகிரி உலையில் வைத்து, அது தானாக எரிகிறதா, உலையின் சூட்டை ஏற்றுகிறதா, எவ்வளவு எடை இழக்கிறது என்று பார்க்கிறார்கள். நம் நாட்டில் இந்தச் சோதனைக்கு ஐ.எஸ். 3808 என்ற இந்தியத் தரமுறை இருக்கிறது. ஐரோப்பாவில் இயற்கைக் கல்லையும் சிலேட்டையும் சோதிக்காமலே 'ஏ1' பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 1996-இல் வந்த முடிவு அது. கரிமப் பொருள் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. கறுப்புச் சிலேட்டின் நிறம் அதில் கலந்த கரியால் வருவது என்று தெரிந்ததும் சிலர் பயப்படுகிறார்கள். அதற்காக அது நிலக்கரி ஆகிவிடாது. இந்தக் குணத்துக்கு 'எரியாமை', பொருளுக்கு 'எரியாப் பொருள்' போதும். தெருவில் போகிறவருக்கும் புரியும்.

அடுத்தது சுவர், தளம், கதவு போன்றவற்றுக்குத் தரும் மணிக்கணக்கு. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று வருவது. 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி கட்டடங்களை வகை பிரிப்பதும் இதை வைத்துத்தான். இதற்குத் 'தீத்தாங்கு நேரம்'.

நம் 'கிளாஸ் ஏ' இந்த இரண்டிலும் சேராது. ஏ.எஸ்.டி.எம்., யு.எல். என்ற அமெரிக்கத் தர அமைப்புகள் வகுத்த ஏ.எஸ்.டி.எம். ஈ108, யு.எல். 790 என்ற சோதனைமுறைகளிலிருந்து வருவது. சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பெயர் தானாக வரும் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

மாதிரிக் கூரை ஒன்றைச் சாய்வாகக் கட்டி, மணிக்கு 12 மைல் வேகத்தில் காற்றடிக்க விடுகிறார்கள். அதன்மேல் எரியும் மரச்சட்டம் ஒன்றை வைக்கிறார்கள். ஏ வகுப்புக்கு வைக்கும் சட்டம் ஓர் அடிக்கு ஓர் அடி. முக்கால் அங்குலக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்கு அடித்தது, எடை ஏறக்குறைய 2 கிலோ. பி வகுப்புக்கு அரை அடிச் சதுரம், அரை கிலோ. சி வகுப்புக்கு ஒன்றரை அங்குலத் துண்டு, பத்து கிராம்கூட இருக்காது. சட்டம் எரிந்து முடியும்வரை காத்திருக்கிறார்கள். அடிப்பலகையின் கீழ்ப்பக்கம் தீ தெரியக் கூடாது. எரியும் துண்டு எதுவும் கூரையிலிருந்து பறக்கக் கூடாது. ஓடு நழுவியோ உடைந்தோ பலகை வெளியே தெரியக் கூடாது. தீ பரவும் தூரத்துக்குத் தனிச் சோதனை உண்டு. ஏ வகுப்பில் 6 அடி, பி-யில் 8 அடி, சி-யில் 13 அடி வரை போகலாம்.

ஆக, ஏ என்றால் 'உயர்ந்த சரக்கு' என்று பொருளில்லை. 'கடுமையான தாக்குதலுக்கு ஈடுகொடுத்தது' என்று பொருள். சோதிக்கப்படுவதும் ஓடு மட்டும் இல்லை. ஓடு, அதன் கீழுள்ள விரிப்பு, அடிப்பலகை எல்லாம் சேர்ந்த கட்டு. அமெரிக்கக் கட்டட விதித்தொகுப்பில் எரியாத தளத்தின் மேல் வேய்ந்த சிலேட்டுக்குச் சோதனை இல்லாமலே ஏ உண்டு. மரப்பலகையின் மேல் என்றால், இடையில் ஏ.எஸ்.டி.எம். டி226 இரண்டாம் வகை போன்ற, விதியில் குறிப்பிட்ட தார் ஃபெல்ட் (தார் தோய்த்த விரிப்பு) இருந்தால்தான் அந்தச் சலுகை. கல் ஒன்றே, மலை ஒன்றே. ஆனால் கீழே விரித்தது மாறினால் சான்று செல்லாது. சிலேட்டு போல வார்த்த பிளாஸ்டிக் ஓடுகளிலும் இதைப் பார்க்கலாம். சில வகைகள் தனியாக நின்றால் சி, சிறப்பு விரிப்பு போட்டால் ஏ.

அதனால் இந்த எழுத்தைக் கல்லின் பெயரோடு ஒட்டவே கூடாது என்பது என் கட்சி. கூரையோடு ஒட்டுங்கள். அந்த மொத்த அமைப்புக்குக் 'கூரைக்கட்டு' என்று வைக்கலாம். மேலே வேய்வது எதுவானாலும், ஓடோ கீற்றோ தகரமோ, 'வேய்பொருள்'.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். இந்தச் சோதனையில் தீ வெளியிலிருந்து வருகிறது. பக்கத்து வீடு எரிகிறது, கங்கு பறந்து வந்து விழுகிறது. வீட்டுக்குள் அடுப்படியில் பற்றும் தீயைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. ஆகவே 'புறத்தீத் தரம்'. ஐரோப்பாவில் கூரைக்குத் தனியாகத் தரும் 'பி ரூஃப்' சான்றும் வெளித்தீயைப் பற்றியதுதான் என்பதால் அதற்கும் இதே சொல் பொருந்தும். 'புறம்' முன்னால் நிற்பதால் ஐயா சொன்ன 'கெட்ட தரம்' சிக்கலும் போய்விடுகிறது.

எழுத்துகளை அ, ஆ, இ என்று மாற்ற வேண்டாம். சான்றிதழில் இருக்கும் எழுத்தை வீட்டுக்காரர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏ, பி, சி அப்படியே இருக்கட்டும்.

எரியும் சட்டம் வைக்கும் சோதனைக்குக் 'கொள்ளிச் சோதனை' என்று எழுதப் போகிறேன். ஐயா என்ன சொல்கிறீர்கள்?

---

நரிமேட்டிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, 'புறத்தீத் தரம்' எனக்குச் சம்மதம். 'தீ'க்குப் பின்னால் வரும் 'த்' விடாமல் போடுங்கள், போதும்.

கொள்ளி சரியான சொல். கட்டையின் ஒரு முனை எரிந்தால் கொள்ளி, உடைந்து சிவந்து கிடந்தால் கங்கு, பறந்தால் பொறி. மூன்றையும் நம் வீட்டுக் கிழவிகள் குழப்பிக்கொண்டதே இல்லை. ஆனால் புது வீடு கட்டுகிறவர் கையில் கொடுக்கும் தாளில் 'கொள்ளி வைத்துச் சோதித்த கூரை' என்று அச்சடித்தால் அவர் மனைவி அந்த ஓட்டை வாங்க விடமாட்டார். பொறியியல் நூலில் கொள்ளி இருக்கட்டும், கையேட்டில் 'எரிகட்டைச் சோதனை' என்று போடுங்கள்.

---

ஒத்தக்கடையிலிருந்து, ஓடு வேலை ஒப்பந்தக்காரர்:

அண்ணே, வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இது நம் தொழில் என்பதால் எழுதுகிறேன்.

பலகைக்கல் என்று அச்சடித்தால் எங்கள் ஆட்கள் கருங்கல் பலகையைத்தான் நினைப்பார்கள். பரண் மேல் போடுவது, சாக்கடை மூடுவது. கற்பலகை என்றால் பிள்ளைகள் எழுதுவது. கடையில் போய்க் கறுப்பாக, தட்டையாக ஒரு கல் கேட்டால் கடப்பாவை எடுத்துக் காட்டுவார்கள். அது சுண்ணாம்புக்கல். சிலேட்டு போல மெல்லிய ஏடாகப் பிளந்து வராது. அதனால் சிலேட்டு ஓடு என்றே இருக்கட்டும். தட்டினால் கணீரென்று சத்தம் வரும், விரிசல் விட்ட ஓடு மட்டையாகச் சத்தம் போடும். நாங்கள் அப்படித்தான் பொறுக்குகிறோம்.

வீட்டுக்காரர்கள் தரம் கிரம் எல்லாம் கேட்பதில்லை. "தீபாவளிக்கு ராக்கெட் வந்து விழுந்தால் பத்துமா?" அவ்வளவுதான் கேள்வி. கீற்றுக் கொட்டகை பத்தி எரிந்ததைப் பார்த்த ஊர்.

இன்னொரு விஷயம். நீங்கள் சொல்லும் அழகர்கோயில் சாலை வீடு எனக்குத் தெரியும். கைமரம், அதன் மேல் பிளைவுட், அதன் மேல் சிலேட்டு. தார் ஃபெல்ட் வாடை அடிக்கும் என்று அதற்குப் பதில் வெள்ளிப் பூச்சு பிளாஸ்டிக் குமிழி ஷீட் போடச் சொல்லியிருக்கிறார்கள், வெயிலுக்கும் ஆகும் என்று. அப்போது ஏ உண்டா, இல்லையா?

---

கே.கே. நகரிலிருந்து, கட்டடப் பொறியாளர்:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் அண்ணே. அந்தச் சலுகையை வைத்து ஏ என்று சொல்ல முடியாது. அதே குமிழி ஷீட், அதே பலகையோடு சேர்த்துச் சோதித்த அறிக்கை இருந்தால் சொல்லலாம். இல்லாவிட்டால் கையேட்டில் உள்ள எழுத்து அந்த வீட்டைப் பற்றியது இல்லை. கல் எரியாது என்பது அப்போதும் உண்மைதான். சந்து வழியாகச் சூடு இறங்கினாலோ ஓடு வெடித்தாலோ அடுத்து இருப்பது பிளாஸ்டிக், அதற்கும் அடுத்து மரம். வெயில்தான் கவலை என்றால் அதற்கு எரியாத கல்கம்பளி (ராக் வூல்) பலகையைக் கைமரங்களுக்கு நடுவே கொடுக்கலாம். தார் ஃபெல்ட்டை எடுக்க வேண்டாம்.

சிலேட்டு பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஐயாவும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ராக்கெட் கேள்விக்குப் பதில்: ஒரு ராக்கெட்டில் இருக்கும் நெருப்பு சி வகுப்புத் துண்டின் பக்கம்தான் வரும், இரண்டு கிலோ சட்டத்தின் பக்கம் வராது. ஓடு ஒழுங்காக மேலேறிக் கிடந்தால் பயமில்லை. உடைந்த ஓட்டின் சந்தில் போய்ச் சொருகினால் நான் பொறுப்பில்லை.

---

திருநகரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. அச்சுக்குப் போகும் வரி இது:

"இயற்கைச் சிலேட்டு ஓடு எரியாப் பொருள் (ஐரோப்பிய வகுப்பு ஏ1). இதை வேய்ந்த கூரைக்கட்டின் புறத்தீத் தரம் ஏ. எரியாத தளத்தின் மேல் வேய்ந்தால் அல்லது மரத்தளத்தின் மேல் குறிப்பிட்ட தார் ஃபெல்ட் விரித்து வேய்ந்தால் மட்டுமே இந்தத் தரம் பொருந்தும். வேறு விரிப்பு பயன்படுத்தினால் தனிச் சோதனை அறிக்கை தேவை."

'மட்டுமே' வேண்டாம் என்று விற்பவர்கள் சொன்னார்கள். அதை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன், விட்டுவிட்டார்கள். குமிழி ஷீட் விஷயத்தை வீட்டுக்காரரிடம் ஒப்பந்தக்கார அண்ணனே நேரில் சொல்வதாகச் சொன்னார்.

அட்டையில் 'முதல் தரம்' வேண்டும் என்று மட்டும் இன்னும் அடம் பிடிக்கிறார்கள். பொறியாளர் தனியாக அழைத்து ஒரு வழி சொன்னார். கூரைச் சிலேட்டுக்கே எஸ்1, எஸ்2, எஸ்3 என்று ஏ.எஸ்.டி.எம். தரம் இருக்கிறதாம். தண்ணீர் உறிஞ்சுவது, முறியும் வலு, அமிலத்தில் இளகுவது ஆகியவற்றை வைத்துத் தருவது. எஸ்1 கல் 75 ஆண்டுக்கு மேல் உழைக்கும் என்று கணக்கு. தீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவர்கள் கல்லுக்கு எஸ்1 தாள் இருந்தால் 'முதல் தரக் கல்' என்று போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தாளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.