பழைய வாட்டர் கூலிங் கணினிகள்: குமரி மாவட்டத்தில் வாங்கியவர்களின் அனுபவங்கள்

வடசேரி, நாகர்கோவில்

நம் மாவட்டத்தில் திருமண வீடியோ தொகுக்கும் ஸ்டுடியோக்கள் புதிய கணினிக்கு மாறும்போது, 2011 முதல் 2014 வரையிலான காலத்தில் வாங்கிய வாட்டர் கூலிங் டெஸ்க்டாப்புகளை விற்றுவிடுகிறார்கள். பிராசஸரின் சூட்டை ஒரு திரவம் எடுத்துக்கொள்ள, பம்ப் அதைக் குழாய் வழியே ரேடியேட்டருக்குத் தள்ள, அங்கே ஃபேன் காற்றில் அது ஆறித் திரும்புவதே வாட்டர் கூலிங். கணினி பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், இவற்றை வாங்க விரும்புவோர் என்னையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. பார்த்த கணினிகளை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன். இவ்வகைக் கணினியில் பிராசஸர் எளிதில் கெடுவதில்லை. முதலில் மூப்படைவது அதைக் குளிர்விக்கும் திரவமும் பம்பும்தான். ஆகவே எத்தனை கோர், எத்தனை ஜிபி என்று கேட்பதற்கு முன்பாகக் கூலருக்கு எத்தனை வயது என்று கேட்டு, அதை வைத்தே விலை பேச வேண்டும்.

தக்கலையில் ஒரு ஸ்டுடியோவில் பார்த்த கணினியைச் சொல்கிறேன். இன்டெல் கோர் ஐ7-3930கே, ஆறு கோர், 130 வாட் பிராசஸர். அதன் மேல் தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிட்ட வகை வாட்டர் கூலர் இருந்தது. உரிமையாளர் கேபினெட்டைத் தட்டிக் காட்டி, “சார், வாங்கின நாள் முதல் இதை ஒருத்தரும் கழற்றினதே கிடையாது” என்று பெருமையாகச் சொன்னார். மற்ற எந்தப் பழைய பொருளுக்கும் அது நல்ல சான்றுதான். ஆனால் வாட்டர் கூலருக்கு, அதே பழைய திரவமும் அதே பம்பும் இன்னும் உள்ளே இருக்கின்றன என்பதே அதன் பொருள். ரப்பர் குழாயின் சுவர் வழியே நீர் ஆவியாக மிகச் சிறிய அளவில் ஆண்டுதோறும் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டுக் கசிவு இல்லாவிட்டாலும் உள்ளே திரவம் குறைந்து அந்த இடத்தில் காற்று சேரும். பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்தான் இத்தகைய கூலரின் நல்ல காலம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி இயக்கச் சொன்னேன். ஆறிய நிலையிலிருந்து தொடங்கினால்தான் உண்மை தெரியும். நம் ஊர் அறை வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே இருப்பதால், சும்மா நிற்கும்போது பிராசஸர் 40 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலும் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் கணினியிலோ ஒரு சிறு வீடியோவை ரெண்டர் செய்ய, அதாவது தொகுத்ததை இறுதிக் கோப்பாக உருவாக்க, தொடங்கிய சில நொடிகளிலேயே வெப்பம் 90-ஐத் தாண்டியது. உடனே இரண்டு குழாய்களையும் விரல்களால் பிடித்துப் பார்த்தேன். பம்பை ஒட்டிய பகுதி கையைச் சுட்டது. ஒரு சாண் தள்ளி அதே குழாய் ஆறியே இருந்தது. ரேடியேட்டரில் இளஞ்சூடுகூட இல்லை. பிராசஸர் கொதிக்கும்போது ரேடியேட்டர் குளிர்ந்திருந்தால் திரவம் ஓடவில்லை என்று பொருள். ஃபேன்கள் முழு வேகத்தில் சுற்றியதால், ஸ்டுடியோவில் இருந்தவர்கள் யாரும் இதை அறிந்திருக்கவில்லை.

உரிமையாளரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் மறுபேச்சின்றி ஒரு புதிய கூலரின் விலையைக் கழித்துக்கொண்டார். பிராசஸரும் மதர்போர்டும் இன்றுவரை நன்றாக இயங்குகின்றன. வாங்குவோர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்தத் தலைமுறைப் பிராசஸர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை; விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கும், இணைய இணைப்பின்றி வீடியோ தொகுப்போருக்கும் மட்டுமே இவற்றை நான் பரிந்துரைக்கிறேன்.

குளச்சல்

அண்ணன் சொன்ன வயதுக் கணக்கு தக்கலைக்குச் சரி. கடற்கரையில் குடியிருக்கும் எங்களுக்கு அதைவிடக் குறைத்தே கணக்கிட வேண்டும். ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் உப்புக் காற்றில் வெண்பொடி பூத்து அரிக்கின்றன. கேபினெட்டின் திருகாணிகள் துருவேறித் தலை தேய்ந்துவிடுகின்றன. வெளிப்புறத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால்தான் உள்நிலை தெரியும்.

நான் பார்க்கப் போன ஒரு வீட்டில், ரேடியேட்டருக்குள் குழாய் நுழையும் இடத்தில் ஈரம் மினுங்கியது. விற்பவர் சற்றும் தயங்காமல், “கடற்காத்துக்கு வியர்த்திருக்கு அண்ணே, மழைக்காலம்னா இப்படித்தான்” என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் நம்பியதையே சொன்னார். இந்த நம்பிக்கை எங்கள் பகுதியில் பரவலாக இருப்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதற்குக் காரணம், செம்பு அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக இருப்பதுதான். வாட்டர் கூலிங்கில் திரவத்தைக் குளிர்விப்பது அறைக் காற்றே. ஆகவே கணினி ஓடும்போது திரவம் அறையைவிடச் சற்றுச் சூடாகத்தான் இருக்கும், ஒருபோதும் அதைவிடக் குளிராது. எவ்வளவு ஈரக்காற்று வீசினாலும், ஆனியில் அடைமழை பெய்தாலும், ஓடும் கணினியின் ரேடியேட்டர் வியர்க்காது. அங்கே ஈரம் இருந்தால் அது கசிவு என்றே கொள்ளுங்கள். ஏ.சி. அறையில் குளிர்ந்து கிடந்த கணினியை வெளியே எடுக்கும்போது மட்டும் ஈரம் படியலாம். அப்போதும் அது கேபினெட் முழுவதும் படியுமே தவிர, ஓர் இணைப்பில் மட்டும் சேராது.

அந்த இணைப்பை ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தேன். துணியில் பச்சை கலந்த கறை ஒட்டியது. விரலுக்கிடையில் தேய்த்தபோது நீரைப் போலன்றி லேசாக வழுக்கியது. கூலன்டில், அதாவது உள்ளே ஓடும் குளிர்விப்புத் திரவத்தில், கலந்திருக்கும் கிளைகால் அப்படித்தான் வழுக்கும். குழாயின் அடிப்பக்கமாக அது வழிந்து, நேர் கீழே இருந்த கிராபிக்ஸ் கார்டின் பின்புறத்தில் ஒரு காய்ந்த தடம் விட்டிருந்தது. புதிய கூலன்ட் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். செம்பையும் அலுமினியத்தையும் பல ஆண்டுகள் தொட்டு ஓடிய பிறகு அதில் உலோக அயனிகள் கரைந்து, அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். பழைய கசிவு ஆபத்தானது என்பது இதனால்தான். உடனே அணைக்கச் சொல்லி, கார்டைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி நன்றாக உலரவிடும்படி விற்பவரிடம் கூறினேன். கார்டு பிழைத்தது என்று பின்னர் தெரிவித்தார். கணினியை நான் வாங்கவில்லை.

மார்த்தாண்டம்

மேலே இருவரும் எழுதியது மூடிய வகையைப் பற்றி. நான் வாங்கியது, பம்ப், தொட்டி, குழாய், ரேடியேட்டர் அனைத்தையும் தனித்தனியாகச் சேர்த்து அமைத்த வகை. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வேலைக்குப் புறப்பட்ட ஓர் இளைஞரிடமிருந்து வாங்கினேன். களியக்காவிளை வழியாகக் கொண்டுவரும் முன்பே திரவத்தை முழுவதும் வடித்துவிட்டோம். நிரம்பிய நிலையில் நம் சாலைக் குழிகளில் குலுங்கினால் எந்த இணைப்பும் தாங்காது.

அவர் கண்ணாடி போன்ற குழாய் போட்டிருந்தார். அது பால் நிறமாக மங்கியிருந்தது. பிராசஸரின் மேல் அமர்ந்து சூட்டைத் திரவத்துக்குக் கடத்தும் பிளாக்கைக் கழற்றித் திறந்தபோது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி கொண்ட செம்புத் தகடுகளின் இடையில் வெள்ளை நிறத்தில் கூழ் போல ஒன்று அப்பியிருந்தது. பாசி என்றுதான் பலரும் நினைப்பார்கள். பிவிசி குழாயை வளையச் செய்யச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் பல ஆண்டுகளில் கூலன்டில் கரைந்து அந்த இடுக்குகளில் படிந்திருந்தது. மென்மையான பல் துலக்கும் பிரஷும் சோப்பு நீரும் கொண்டு நெடுநேரம் தேய்த்தபின் செம்பின் நிறம் வெளிப்பட்டது. நிக்கல் முலாம் இல்லாத வெறும் செம்பாக இருந்ததால், கறுத்த இடங்களுக்கு நீர் கலந்த வினிகரைப் பயன்படுத்தினேன். முலாம் பூசியதற்கு அதைத் தொடவே கூடாது.

இது ரப்பர் விளையும் மண். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் என்னும் வளையம் வேண்டுமென்றால் நடந்துபோகும் தூரத்திலேயே கிடைக்கும். ஆனால் இயற்கை ரப்பர் வெப்பத்திலும் காற்றிலும் விரைவில் வெடித்துவிடும். இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரைக் கேட்டு வாங்குங்கள். குழாயையும் நான் அதிலேயே மாற்றிக்கொண்டேன். உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியாது என்ற ஒரு குறையைத் தவிர வேறு குறை அதில் இல்லை. கிணற்று நீரையோ குடிநீர் கேனையோ ஊற்ற வேண்டாம். அவற்றிலுள்ள உப்புகள் படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரைக் கழுவுவதற்கு மட்டும் பயன்படுத்தினேன். நிரப்புவதற்கு அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட்தான். செம்பு பிளாக் இருக்கும் அமைப்பில் அலுமினிய ரேடியேட்டர் சேர்ந்திருந்தால், தடுப்பான் இல்லாத நீர் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

நிரப்பியபின் கணினியை இயக்கிவிடாதீர்கள். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.-ஸின் 24 பின் இணைப்பை மதர்போர்டிலிருந்தும், பம்ப் தவிர மற்ற பாகங்களுக்குப் போகும் இணைப்புகளையும் கழற்றி, 24 பின் இணைப்பில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் சிறு கம்பியால் இணைத்தால் பம்ப் மட்டும் ஓடும். ஒவ்வோர் இணைப்பின் கீழும் டிஷ்யூ காகிதம் வைத்து ஒரு முழு நாள் ஓடவிட்டேன். ரேடியேட்டர் முனையில் ஒரு காகிதம் மட்டும் நனைந்தது; அந்த ஓ-ரிங்கை மாற்றி, மறுபடி ஒரு நாள் ஓடவிட்ட பிறகே மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுத்தேன்.

தோவாளை

எங்களுடையது அச்சகம். நான் வைத்திருப்பது 2004-இல் வெளிவந்த பவர் மேக் ஜி5, இரட்டை 2.5 கிகாஹெர்ட்ஸ் மாதிரி. ஆப்பிள் திரவக் குளிர்விப்போடு விற்ற முதல் பவர் மேக் இதுவே. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அமைத்த கோயில் மலர்களும் அழைப்பிதழ்களும் ஓஎஸ் 9 காலத்து மென்பொருளில்தான் சரியாகத் திறக்கின்றன; அதை உள்ளே இயக்கும் கிளாசிக் வசதி மேக் ஓஎஸ் 10.4 வரையே உண்டு. இதில் எஸ்.எம்.பி.எஸ். அடிப்பகுதியில் இருக்கிறது, மேலே எது சொட்டினாலும் அதன் மேல்தான் விழும். வாங்கும்போது அடித்தட்டில் கறை இல்லை என்பதைப் பார்த்தே வாங்கினேன். இன்றும் மாதந்தோறும் பக்கக் கதவைத் திறந்து அந்த ஓரிடத்தைத் தவறாமல் பார்க்கிறேன்.

வடசேரி, நாகர்கோவில்

மூடிய வகைக் கூலரைத் திறந்து நிரப்பலாமா என்று தம்பி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நிரப்பும் திருகு இல்லாத கூலரை நான் திறப்பதில்லை. திரவத்தை மாற்றினாலும் பம்பின் வயது மாறாது. அதன் வாழ்நாளை நீட்டிக்க இரண்டே வழிகள் உண்டு. பம்பைவிட ரேடியேட்டரின் ஒரு முனையாவது உயரமாக இருக்கும்படி பொருத்துங்கள். அப்போது சேரும் காற்று அங்கே தங்கிவிடும், பம்புக்குள் நுழையாது. கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் பம்ப் இணைப்பை முழு வேகத்தில் வையுங்கள். ஃபேனைப் போல வெப்பத்துக்கேற்ப வேகம் மாறும்படி விடாதீர்கள்.

130 வாட் பிராசஸருக்கு, திரவமின்றி ஃபேன் காற்றிலேயே குளிர்விக்கும் நல்ல ஏர் கூலரே போதும். குளச்சல் நண்பர் போன்று கடலோரத்தில் இருப்போருக்கு நான் அதையே மாற்றித் தருகிறேன். ஏஎம்டி எஃப்எக்ஸ்-9590 போன்ற 220 வாட் பிராசஸரானால் வாட்டர் கூலிங்கை விட்டுவிட முடியாது. அதற்குப் புதிய கூலரின் விலையையும் சேர்த்தே பேசுங்கள். எதை வாங்கினாலும், பெட்டியில் உங்கள் சாக்கெட்டுக்கான (மதர்போர்டில் பிராசஸர் அமரும் இடம்) பிராக்கெட் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். இன்டெல்லின் 1155, 1150, 1151, 1200 ஆகிய எண்கள் கொண்ட சாக்கெட்டுகளுக்குத் துளை இடைவெளி 75 மி.மீ. என்று ஒன்றேதான், 1700-க்கு அது 78 மி.மீ. என்பதால், அதற்கு மட்டும் வரும் கூலர் பழைய போர்டில் பொருந்தாது. 2011 என்னும் எண் கொண்ட சாக்கெட்டுக்குத் தனித் திருகாணிகள் வேண்டும். பழைய கூலரைக் கழற்றும்போது அந்த நான்கையும் எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள்.