இலவசமாக எழுதிக் கொடுத்த செயலியை யார் பராமரிப்பது?

கொடிமுல்லை:
எங்கள் குழுவில் ஆறு பேர். இரண்டு வார இறுதிகளில், நகர நிர்வாகம் வெளியிட்ட குப்பை வண்டி நேர அட்டவணையை வரைபடமாக்கிக் கொடுத்தோம். அறிமுக நாளில் அதிகாரிகள் கைதட்டினார்கள். எட்டு மாதம் கழித்து, அங்கே யாரோ கோப்பில் 'தெரு' என்றிருந்த தலைப்பைத் 'தெருப்பெயர்' என்று மாற்றிவிட்டார். வரைபடம் வெறுமையாகிவிட்டது, வசவு எங்களுக்கு வந்தது. சர்வர் கட்டணம் இன்றும் என் அட்டையிலிருந்துதான் போகிறது. பராமரிப்புக்கு நிதியும் எழுத்தில் ஒப்பந்தமும் இல்லாமல் இனி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பது என் கட்சி.

இரவுப்பறவை:
ஒப்பந்தத்துக்குக் காத்திருந்தால் ஒன்றும் பிறக்காது. பாஸ்டனில் பனியில் புதைந்துபோகும் தீயணைப்பு நீர்க்குழாய்களை அக்கம்பக்கத்தார் தத்தெடுத்துத் தோண்டிவிட ஒரு செயலி வந்ததே, அரசு அலுவலகங்களுக்குத் தொழில்நுட்பத்தில் உதவும் கோட் ஃபார் அமெரிக்கா என்ற தொண்டு அமைப்பின் குழுவினர் எழுதியது. நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், பனியே பார்க்காத ஹவாய்த் தீவு நகரமான ஹொனலூலு அதை எடுத்துச் சுனாமி எச்சரிக்கைச் சங்குகளைக் கவனிக்க வைத்துக்கொண்டது. எந்த டெண்டரில் இது நடக்கும்?

கொடிமுல்லை:
அதை எழுதியவர்கள் உதவித்தொகை வாங்கிக்கொண்டு நகர நிர்வாகத்தோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தன்னார்வலர்கள் அல்லர். அதே அமைப்பு 2012-ல் தொடங்கிய தன்னார்வக் கிளைக் குழுக்களை 2023-ல் தன்னிடமிருந்து பிரித்துவிட்டது. அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு:
நான் மேசைக்கு மறுபக்கம் இருப்பவன். அந்தத் தலைப்பை மாற்றியவர் என்னைப் போன்ற ஓர் எழுத்தராகத்தான் இருப்பார். அந்தக் கோப்பை ஒரு வரைபடம் படித்துக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் யாராவது சொன்னீர்களா? கைதட்டிய அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். மக்களின் முகவரிகள் அதில் இருந்து, நாளை கசிந்தால், தணிக்கைக்காரர் முன் நான் யாரைக் காட்டுவது? இலவசமாக வந்த மாட்டுக்கும் தீனி போட ஆள் வேண்டும் ஐயா.

இரவுப்பறவை:
சரி, டோக்கியோவைப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனா தகவல் தளத்தை உருவாக்கும் பணியை மாநகர அரசே கோட் ஃபார் ஜப்பான் என்ற அதே மாதிரியான அமைப்பிடம் ஒப்படைத்தது. நிரலை வெளிப்படையாக வைத்ததால் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்ப முடிந்தது. தைவானின் அப்போதைய அமைச்சர் ஆட்ரி டாங், மொழிப் பட்டியலில் சீன எழுத்தொன்று தவறாக இருந்ததைத் திருத்தி அனுப்பினார். ஓர் எழுத்து! அமைச்சரே வந்து கைவைக்கும்படி வாசல் திறந்திருந்தது.

கொடிமுல்லை:
வாசல் திறந்திருந்தது, உள்ளே வீட்டுக்காரரும் இருந்தார். 'அரசே ஒப்படைத்தது' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் கேட்பதும் அதுதான். கோப்புக்கட்டு ஐயா, எழுத்தரிடம் நாங்கள் சொல்லவில்லை என்பது உண்மை. அவர் பெயரே எங்களுக்குத் தெரியாது. சர்வர் ரசீதை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்றாவது சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு:
கணக்குப் பிரிவுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஆணை எண் இல்லாத ரசீது அப்படியே திரும்பி வரும்.