மதுரை வட்டாரக் கட்டுரைகளைப் பலர் சேர்ந்து பேணுகிறோம்: ஒருங்கிணைக்க எந்த மென்பொருள் பொருந்தும்?

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். மதுரையைச் சுற்றியுள்ள மலைகள், கல்வெட்டுகள், கண்மாய்கள், கோயில்கள் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியும் திருத்தியும் வரும் குழு ஒன்றில் இருக்கிறேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று பல ஊர்களிலிருந்து ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் பங்கெடுக்கிறார்கள். எழுத ஆளில்லை என்ற குறை எங்களுக்கு இல்லை. யார் எதைச் செய்கிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் போவதுதான் குறை. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதை ஒருவர் உரிய மேற்கோளுடன் சேர்த்துக்கொண்டிருந்த வேளையில், இன்னொருவர் 'அரிட்டாப்பட்டி' என்ற தலைப்பில் தம் மணல்தொட்டியில் (பயனரின் சோதனைப் பக்கத்தில்) தனியாக ஒரு வரைவை வளர்த்துக்கொண்டிருந்தார்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் பேசித்தான் முடிவெடுக்கிறோம். ஆனால் அந்த முடிவுகள் அடுத்தடுத்து வரும் செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடுகின்றன. கூகுள் விரிதாள் ஒன்றும் வைத்திருக்கிறோம். அதில் 'முடிந்தது' என்று பச்சை நிறமிட்ட கட்டுரையைத் திறந்து பார்த்தால், பாதிப் பத்திகளுக்கு மேற்கோளே இருப்பதில்லை. இதற்கென்று தனி மென்பொருள் ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டுமா, விக்கிக்குள்ளேயே வழி இருக்கிறதா? எங்களில் பலர் கைப்பேசியில்தான் வேலை செய்கிறார்கள் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்ல வேண்டுகிறேன்.

பகுப்புப்பணியாளர்:

விரிதாள் எங்கே பிசகுகிறது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கட்டுரை ஓரிடத்தில் மாறிக்கொண்டே இருக்கிறது. அதன் நிலையைக் குறிக்கும் பதிவேடு வேறோரிடத்தில் அப்படியே நிற்கிறது. எவ்வளவு சிறந்த மென்பொருளை வாங்கினாலும் இந்த இடைவெளி இருக்கும்வரை அதே தொல்லைதான். ஆகவே கட்டுரையின் நிலை அதன் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில்) மட்டும் எழுதப்பட வேண்டும். பட்டியல், அட்டவணை, எண்ணிக்கை ஆகிய அனைத்தும் அங்கிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கில விக்கிப்பீடியாவின் விக்கித்திட்டங்கள் (ஒரு துறைக் கட்டுரைகளைச் சேர்ந்து பேணும் குழுக்கள்) நெடுங்காலமாக இப்படித்தான் இயங்குகின்றன. திட்டத்தின் வார்ப்புரு (பல பக்கங்களில் இடக்கூடிய ஆயத்தக் குறிப்புப் பெட்டி) ஒன்றைப் பேச்சுப் பக்கத்தில் இட்டு, அங்கே தரத்தையும் முக்கியத்துவத்தையும் குறிக்கிறார்கள். தரம் குறுங்கட்டுரையில் தொடங்கிச் சிறப்புக் கட்டுரை வரை பல படிகளாக ஏறுகிறது. முக்கியத்துவத்துக்கு நான்கு படிகள். அந்தக் குறிப்பைப் படித்து வார்ப்புரு தானாகவே பக்கத்தை உரிய பகுப்பில் (ஒரே வகைப் பக்கங்களின் தொகுப்பில்) சேர்க்கிறது. தானியங்கி நிரல் ஒன்று பகுப்புகளை எண்ணி அட்டவணையாக்குகிறது. உங்களுக்கு அத்தனை படிகள் தேவைப்படா. 'மேற்கோள் வேண்டும்', 'படம் வேண்டும்', 'இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்', 'நிறைவு' என்ற நான்கு நிலைகளே போதும். எழுதியவரே 'நிறைவு' என்று குறிக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். நூல்களைத் தட்டச்சு வடிவில் தரும் விக்கிமூலத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கத்தை வேறொருவர்தான் பச்சைக்கு, அதாவது 'சரிபார்க்கப்பட்டது' என்ற நிலைக்கு, கொண்டுபோக முடியும் என்று மென்பொருளே தடுத்து வைத்திருப்பது இதே நோக்கத்தில்தான்.

மதுரை மாவட்டம் என்ற பகுப்பே இருக்கும்போது தனி வார்ப்புரு எதற்கு என்று உங்கள் குழுவில் யாராவது கேட்கக்கூடும். கீழடியை நினைத்துப் பாருங்கள். மதுரையிலிருந்து நகரப் பேருந்தில் போய்வரும் தொலைவில் இருந்தாலும் அது சிவகங்கை மாவட்டம். மாவட்டப் பகுப்பை மட்டும் நம்பினால் அகழாய்வும், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் உங்கள் கண்ணிலேயே படா. பேச்சுப் பக்க வார்ப்புருவுக்கு மாவட்ட எல்லை கிடையாது.

அடுத்தது கண்காணிப்பு. ஒருவர் தாம் கண்காணிக்கும் பக்கங்களைச் சேர்த்துவைக்கும் கவனிப்புப் பட்டியல் அவரவருக்கு மட்டுமே தெரியும். குழுவுக்குப் பொதுவாக ஒன்றை வைத்துக்கொள்ள அதில் வழியில்லை. அதற்கு மாற்றாக, உங்கள் கட்டுரைகள் அனைத்தையும் இணைப்புகளாக அடுக்கிய ஒரு பக்கத்தை விக்கிப்பீடியாவில் உங்கள் குழுவின் திட்டப் பக்கத்தின் கீழ் உருவாக்கி, அப்பக்கத்திலிருந்து 'தொடர்பான மாற்றங்கள்' என்பதைத் திறந்தால், இணைக்கப்பட்ட எல்லாப் பக்கங்களிலும் அண்மையில் நடந்த திருத்தங்கள் ஒரே வரிசையில் வரும். கட்டுரைக்கு ஓர் இணைப்பும் அதன் பேச்சுப் பக்கத்துக்கு ஓர் இணைப்பும் தனித்தனியே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உரையாடல்கள் விடுபட்டுப்போகும். அந்த முகவரியைக் கைப்பேசி முகப்பில் சேமித்துக்கொண்டால் கணினியே வேண்டாம். அரிட்டாபட்டிப் பகுதிக்கான டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 சனவரியில் ரத்தானபோது அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் என ஒன்றோடொன்று தொடர்புள்ள பல பக்கங்களைத் திருத்த வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வேளையில் எந்தப் பக்கம் திருத்தப்பட்டது, எது பழைய செய்தியோடு நிற்கிறது என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

விளாங்குடி வாசகர்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் எல்லாவற்றையும் பேச்சுப் பக்கத்துக்குள் அடக்கிவிட முடியாது. மாங்குளத்துக்கோ கீழவளவுக்கோ படமெடுக்கப் போகிறீர்கள் என்றால் யார் வண்டி கொண்டுவருகிறார், யாரிடம் கேமரா இருக்கிறது, எப்போது புறப்படுவது என்பவற்றுக்கு வாட்ஸ்அப்போ டிரெல்லோ போன்ற இணையப் பணிப்பலகையோதான் ஏற்றது. கட்டுரையின் நிலையை மட்டும் அங்கே எழுதாதீர்கள்.

மாணவர்களை வைத்து ஒருநாள் பயிலரங்கு நடத்தும்போது புரோகிராம்ஸ் அண்ட் ஈவண்ட்ஸ் டாஷ்போர்டு என்ற விக்கிமீடியா இணையக் கருவி மிகவும் உதவும். விக்கிக் கணக்கைக் கொண்டே நுழையலாம். யாருக்கு எந்தக் கட்டுரை, அதைச் சரிபார்ப்பவர் யார் என்று ஒதுக்கலாம். யார் எந்தப் பக்கத்தைத் தொகுத்தார் என்பது தானாகவே திரண்டு வரும். அது காட்டும் 'சேர்த்த அளவு' என்ற எண்ணைக் கொண்டு மாணவர்களை வரிசைப்படுத்த மட்டும் வேண்டாம். ஆதாரமற்ற பத்தியை நீக்கிக் கட்டுரையைக் காப்பாற்றியவரின் உழைப்பு அந்த எண்ணில் தெரிவதில்லை. அதைக் கண்டு மனம் தளர்ந்து விலகிவிட்ட நல்ல பயனர்களை நான் அறிவேன்.

வைகைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. 'இதை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று சொன்ன மாணவர் தேர்வு வந்ததும் காணாமல் போகிறார். மற்றவர்களோ அவர் மனம் நோகுமே என்று அந்தக் கட்டுரையைத் தொடாமலே இருக்கிறார்கள்.

பகுப்புப்பணியாளர்:

எடுத்தவர் பெயரோடு எடுத்த நாளையும் வார்ப்புருவில் கேளுங்கள். முப்பது நாள் கடந்தால் 'யாரும் எடுக்கலாம்' என்ற பகுப்புக்குப் பக்கம் தானாக மாறும்படி வார்ப்புருவை எழுதலாம். காலாவதி முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் யார் மனமும் நோகாது. ஆனால் நாள் கடந்த அந்த நொடியிலேயே பகுப்பு மாறிவிடாது. பக்கத்தை மென்பொருள் மறுபடி அலசும்போதுதான் மாறும் என்பதால், மாற்றம் எதுவும் செய்யாமல் ஒருமுறை தொகுத்துச் சேமிக்கவோ, அந்த வேலையைத் தானியங்கி ஒன்றிடம் விடவோ வேண்டியிருக்கும்.

எடுத்தவரைப் பேச்சுப் பக்கத்தில் அழைத்துக் கேட்கும்போது அவர் பயனர் பக்க இணைப்பும் உங்கள் கையொப்பமும் ஒரே சேமிப்பில் இருக்க வேண்டும். கையொப்பமிட்டுச் சேமித்துவிட்டு, பிறகு திரும்பி வந்து பெயரை மட்டும் நுழைத்தால் அவருக்கு அறிவிப்பே போகாது. பதில் வரவில்லை என்று வருந்துகிறவர்களில் பலருக்கு நேர்வது இதுதான்.

கல்வெட்டு மாணவி:

இரட்டைக் கட்டுரைப் பிரச்சினைக்கு ஒரு வழி. ஒவ்வோர் இடத்துக்கும் விக்கித்தரவில் (விக்கித் தளங்களுக்குப் பொதுவான தரவுத்தளத்தில்) ஓர் எண் உண்டு, இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளலாம். கொங்கர்புளியங்குளம் போன்ற பெயர்களைப் பலர் பலவிதமாக எழுதினாலும் எண் ஒன்றுதான். மாற்றுப் பெயர்களையெல்லாம் அந்த எண்ணின் கீழே சேர்த்துவிட்டால், புதிதாக எழுத வருபவர் எந்த எழுத்துக்கூட்டலில் அங்கே தேடினாலும் இருப்பது கிடைக்கும். வரைவு தொடங்கும் முன் அந்த எண்ணைத் திட்டப் பக்கத்தில் பதிவதை வழக்கமாக்குங்கள்.

கட்டுரை இல்லாத இடங்களின் பட்டியலை லிஸ்டீரியா என்ற தானியங்கி விக்கித்தரவிலிருந்து எடுத்து அவ்வப்போது புதுப்பித்துத் தரும். அது எழுதும் பட்டியலுக்குள் கையால் எதையும் சேர்க்க வேண்டாம் என்று குழுவினரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அது பட்டியலைப் புதுப்பிக்கும்போது நீங்கள் சேர்த்தது அழிந்துவிடும். குறிப்பு எழுத வேண்டுமானால் பட்டியலின் முடிவைக் காட்டும் வார்ப்புருவுக்குக் கீழே எழுதலாம். தரவில் பிழை இருந்தால் விக்கித்தரவிலேயே திருத்திவிடுங்கள்.