ஹாம்ஸ்டருக்கு எந்தக் கூண்டு: கம்பியா, கண்ணாடியா, மரமா?

காரைக்குடி வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மகளின் நெடுநாள் விருப்பத்தை நிறைவேற்ற, எலியைப் போன்ற சிறு வளர்ப்புப் பிராணியான ஹாம்ஸ்டரில் சிரிய வகை ஒன்றை மதுரையிலிருந்து வாங்கி வந்திருக்கிறோம். கடையில் உடன் கொடுத்த கூண்டு ஒன்றரை அடி நீளம்கூட இல்லை. கீழே பிளாஸ்டிக் தட்டு, மேலே கம்பி, நடுவில் ஒரு மாடி, அதற்கு ஏறிச் செல்ல ஒரு குழாய். பகல் முழுவதும் உறங்கும் அந்தப் பிராணி, இரவில் விளக்கை அணைத்ததும் கம்பியைக் கடிக்கத் தொடங்கினால் விடிகிற வரை நிறுத்துவதில்லை. மூக்கின் மேல்புறத்தில் முடி தேய்ந்திருப்பதைப் பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை.

வேறு கூண்டு வாங்கலாம் என்று விசாரித்தால், நான்கு மாடிக் கம்பிக் கூண்டு, மீன்தொட்டி, மரப்பெட்டி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்களுடையது முற்றம் வைத்த பழைய வீடு. ஓட்டின் மேலிருந்து பூனை இறங்கி வளவு வரைக்கும் வந்து போகும். இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு எதைத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

கோட்டையூர் அன்பர்:

ஐயா, கம்பியைக் கடிப்பது பல் வளர்வதால்தான் என்று கடைக்காரர்கள் சொல்வது வழக்கம். பல் தேய்வதற்கு மரத்துண்டு போதும். இரவெல்லாம் கம்பியைக் கடிப்பது பெரும்பாலும் இடம் போதாமையின் அடையாளம். 2006-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10, 40, 80 செ.மீ. என மூன்று ஆழங்களில் படுக்கைத் தூள் நிரப்பிய கூண்டுகளில் ஹாம்ஸ்டர்களை வளர்த்துப் பார்த்தார்கள். 10 செ.மீ. கூண்டில் இருந்தவைதாம் மிக அதிகமாகக் கம்பியைக் கடித்தன. சிரியாவின் வயல்களில் அரை மீட்டருக்கும் கீழே வளை தோண்டி வாழும் இனத்துக்கு நாம் ஒரு கைப்பிடித் தூளைப் பரப்பிக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

ஆகவே மாடிகளை எண்ணாதீர்கள், தரைப் பரப்பை அளந்து பாருங்கள். 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் என்ற அளவை நல்ல தொடக்கமாகக் கொள்ளலாம். அதில் ஒரு பாதியிலாவது 25 முதல் 30 செ.மீ. வரை படுக்கை நிரம்பியிருக்க வேண்டும். நான்கு மாடிக் கூண்டு வேண்டவே வேண்டாம்: ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வை மங்கல், உயரத்தை அதனால் கணிக்க முடியாது, மேல்மாடியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொள்ளும். கம்பிக் கூண்டுதான் என்றால் கம்பிகளுக்கு இடைவெளி சிரிய வகைக்கு 1 செ.மீ.க்கு மிகாமல் இருக்கட்டும். குட்டி வகைகளுக்கு அதுவும் அதிகம். ஓடுசக்கரம் 28 செ.மீ. விட்டத்துக்குக் குறையாமல், ஓடும் பரப்பு இடைவெளியின்றி மூடியிருக்க வேண்டும். சிறிய சக்கரத்தில் ஓடினால் முதுகு வளையும். கம்பிப்படி வைத்த சக்கரத்தில் கால் சிக்கும்.

என் பரிந்துரை நான்கடி மீன்தொட்டி. தண்ணீர் கசிகிறது என்று ஒதுக்கி வைத்த தொட்டியைக் கேட்டால் குறைந்த விலைக்கே கொடுத்துவிடுவார்கள். நமக்குக் கசிவைப் பற்றிக் கவலையில்லை.

தேவகோட்டை ஆச்சி:

கோட்டையூர்த் தம்பி சொன்ன அளவுகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் கண்ணாடித் தொட்டியை யோசித்துத்தான் வைக்க வேண்டும். அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே ஹாம்ஸ்டர் சோர்ந்துவிடும். நாற்புறமும் கண்ணாடி அடைத்த பெட்டியில் காற்று நகராது. மாடி அறையும், வெயில் விழும் முற்றத்து ஓரமும் ஆகவே ஆகாது. சுவர் தடித்த, இரண்டாம் கட்டின் உள்ளறைத் தரைத்தளம்தான் சரியான இடம்.

கூண்டினுள் ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றைப் போட்டு வையுங்கள். வெயில் காலத்தில் எங்கள் வீட்டு ஹாம்ஸ்டர் நான்கு காலையும் பரப்பி, வயிறு கல்லில் படியப் படுத்துக்கொள்ளும். ஆனால் கல்லையோ கனமான மரவீட்டையோ தூளின் மேல் அப்படியே வைத்துவிடக் கூடாது. அது அடியில் வளை தோண்டும்போது மேலே இருப்பது சரிந்து நசுக்கிவிடும். பெட்டியின் அடித்தட்டிலேயே கல்லை அமர்த்திவிட்டுச் சுற்றிலும் தூளைப் போடுங்கள்.

மரப்பெட்டி விரும்பினால், முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கண்ணாடிக் கதவு வைத்த பழைய அலமாரி கிடைக்கும். அதை மல்லாக்கப் படுக்க வைத்து, கதவுக்குப் பதில் ஆசாரியிடம் சொல்லிக் கம்பிவலை மூடி செய்துகொண்டால், காற்றும் வரும், தோண்ட ஆழமும் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை, பெயின்ட் அடித்த அலமாரியை வாங்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், ஹாம்ஸ்டரோ கண்ணில் படும் விளிம்பையெல்லாம் கொறிக்கும்.

காரைக்குடி வாசகர்:

இருவருக்கும் நன்றி. அலமாரி யோசனை எங்கள் வீட்டுக்குப் பொருத்தமாகப் படுகிறது. இன்னும் இரண்டு கேள்விகள். இவ்வளவு பெரிய பெட்டி என்றால் துணைக்கு இன்னொரு ஹாம்ஸ்டரை விடலாமா? படுக்கைக்கு மர அறுவை மில்லில் கிடைக்கும் தூளையே பயன்படுத்தலாமா?

கோட்டையூர் அன்பர்:

துணை கூடாது, ஐயா. சிரிய ஹாம்ஸ்டர் தனித்து வாழும் இனம்; வளர்ந்த இரண்டை ஒன்றாக விட்டால் இரத்தம் வரச் சண்டையிடும், ஒன்று இறந்துபோவதும் உண்டு.

மில் தூள் எந்த மரத்துடையது என்று யாருக்கும் தெரியாது. பைன், தேவதாரு போன்ற வாசனை மரங்களின் தூள் மூச்சுக்குழாயைப் பாதிக்கும், பொடியும் அதிகம். அச்சு மை படாத காகிதத்தை நறுக்கி, வைக்கோலை இடையிடையே கலந்து அழுத்தி நிரப்பினால் வளை இடியாமல் நிற்கும். பஞ்சு வைக்கவே வைக்காதீர்கள். நூல் காலில் சுற்றிக்கொள்ளும், கன்னப்பையில் அடைத்துக்கொண்டால் வெளியே வராது. சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் நாள்தோறும் அகற்றினால் போதும். மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றினால் தன் வாசனை இல்லாத இடத்தில் அது பதறிப்போகும்.

தேவகோட்டை ஆச்சி:

பூனையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. மூடிக்கு இரும்புக் கம்பிவலையே போடச் சொல்லுங்கள், கொசுவலையை ஹாம்ஸ்டர் உள்ளிருந்தே கடித்துவிடும். பூனை மேலே ஏறி உட்கார்ந்தாலும் வளையாதபடி நடுவில் ஒரு மரச்சட்டம் கொடுத்து, இருபுறமும் கொக்கி வைக்க வேண்டும். தீனியைத் தேடி எறும்பு வந்தால் எறும்புச் சாக்பீஸோ மருந்துப் பொடியோ அருகில் தூவாதீர்கள், ஹாம்ஸ்டருக்கும் அது நஞ்சு. பெட்டியை ஒரு மேசை மேல் ஏற்றி, மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்திவிடுங்கள். மேசை சுவரைத் தொடாமல் இருந்தால் எறும்பு ஏற வழியிருக்காது.